நாற்பதாவது நிமிடத்துக்கான எஞ்சின்

மண் பாதையில் ஓட்டுவதற்காக நான் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய டர்ட் பைக், 450 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி, அதாவது மேடுபள்ளமான மண் தடப் பந்தயத்துக்கான வண்டி. சாலையில் பல ஆண்டுகள் பெரிய பைக்குகளை ஓட்டிய பழக்கம் இருந்தது, உயரமும் எடையும் இருந்தன, பிறகு எதற்குச் சிறிய எஞ்சின் என்பதுதான் அன்றைய என் கணக்கு. முதல் இரண்டு சுற்றுகள் வரை அந்தக் கணக்கு சரியென்றே தோன்றியது. மூன்றாவது சுற்றில் வலது முன்கை இறுகத் தொடங்கியது. ஐந்தாவது சுற்றில், ஒரு விரலால் இழுக்க வேண்டிய முன் பிரேக் லீவரை நான்கு விரல்களாலும் இழுத்துக்கொண்டிருந்தேன். ஓரமாக நிறுத்தியபோது, கைப்பிடியைச் சுற்றி மடங்கிப் போயிருந்த விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. முன்கை கல்லைப் போல இருந்தது. வண்டியில் எந்தக் குறையும் இல்லை. அதன் சக்தியைப் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கிப்பிடிக்கும் உடலும் பழக்கமும் என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

இந்த நினைவு இப்போது வரக் காரணம் என் அக்கா மகன். அவனுக்குப் பதினேழு வயது, 58 கிலோ எடை. மண் பாதையில் ஒரு வருடமாக இரவல் வண்டிகளில் பழகியிருக்கிறான். "மாமா, சின்ன எஞ்சின் எடுத்தால் சீக்கிரம் அலுத்துவிடும் என்கிறார்கள். நேராக 250 எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டான். கேள்வியில் இருக்கும் அந்த ஒற்றை எண்ணை வைத்து ஆமென்றோ இல்லையென்றோ பதில் சொல்ல முடியாது என்பதை அவனுக்கு விளக்கப் போய், பேச்சு ஒரு மாலை முழுவதும் நீண்டது. அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன். என் நிலைப்பாடு இதுதான்: எஞ்சினின் அளவை, ஏறி உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடத்தின் உற்சாகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நாற்பதாவது நிமிடத்தில், கை களைத்து, மூச்சு வாங்கி, கவனம் சற்றே சிதறும் நேரத்தில் எந்த எஞ்சின் நம் பேச்சைக் கேட்குமோ அதுவே நமக்கான அளவு.

சிசி என்ற எண் சொல்வது மிகக் குறைவு. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் கொள்ளளவை மட்டுமே அது சொல்கிறது. அந்த இடத்தை எஞ்சின் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதைச் சொல்வதில்லை. ஹோண்டாவின் இரண்டு 250 வண்டிகளை எடுத்துக்கொள்வோம். காட்டுப்பாதைக்கான சிஆர்எஃப்250எஃப் வண்டியில் சிலிண்டரின் விட்டம் 71 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணிக்கும் தூரம் 63 மில்லிமீட்டர். பந்தயத்துக்கான சிஆர்எஃப்250ஆர் வண்டியில், 2018-ஆம் ஆண்டு மாடல் முதல், விட்டம் 79, தூரம் 50.9. இவற்றிலிருந்து கொள்ளளவைக் கணக்கிட்டால் இரண்டுமே 249 சிசிக்குச் சற்று மேலே வந்து நிற்கும். ஆனால் இரண்டாவதில் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் குறைந்த தூரமே பயணிப்பதால் எஞ்சின் மிக வேகமாகச் சுழல முடிகிறது. அகன்ற சிலிண்டரின் தலையில் பெரிய வால்வுகளை வைக்க இடம் கிடைக்கிறது. விளைவு, அதன் குதிரைத்திறன் முதலாவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. முதல் வண்டி நடக்கும் வேகத்தில் கூட அமைதியாக இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது வண்டி, எஞ்சின் மிக வேகமாகச் சுழலும் மேல் சுழற்சிக்கு ஏறும்வரை சோம்பலாக இருந்துவிட்டு அதன் பின் பாயும். ஆகவே "250 எடுக்கட்டுமா" என்று ஒருவர் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது "எந்த 250?" என்பதுதான்.

டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் வேறுபாடு இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) ஒவ்வொரு முறை சுற்றும்போதும் எரிபொருள் ஒரு முறை வெடிக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். அதனால்தான் பந்தய விதிகளில் ஃபோர் ஸ்ட்ரோக்குக்குக் கூடுதல் கொள்ளளவு என்ற சலுகை இருந்தது. யமஹா அதைப் பயன்படுத்தி 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டியை உருவாக்கியது. 1997-இல் லாஸ் வேகாஸில் நடந்த சூப்பர்கிராஸ் (விளையாட்டரங்கில் நடக்கும் மோட்டோகிராஸ்) போட்டியில் அமெரிக்க ஓட்டுநர் டக் ஹென்றி அதன் முன்மாதிரியில் வென்றார். 1998-இல் ஒய்இசட்400எஃப் விற்பனைக்கு வந்தது. 2001-இல் 250 சிசி வடிவமும் வந்தது. அதன் பிறகு மோட்டோகிராஸ் உலகமே மெல்ல மெல்ல ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் சாய்ந்தது. பந்தய வகுப்புகளில் அன்று உறுதிப்பட்ட ஒப்பீடுதான் இன்றும் நம் கைவசம் இருக்கும் எளிய அளவுகோல்: 125 டூ ஸ்ட்ரோக்குக்கு 250 ஃபோர் ஸ்ட்ரோக், 250 டூ ஸ்ட்ரோக்குக்கு 450 ஃபோர் ஸ்ட்ரோக். வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எண் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக 250 டூ ஸ்ட்ரோக்கையும் 250 ஃபோர் ஸ்ட்ரோக்கையும் ஒரே தட்டில் வைப்பவர்கள், இந்த ஒப்பீட்டின்படி ஒரு முழு வகுப்பைத் தாண்டித் தப்புக்கணக்குப் போடுகிறார்கள்.

இனி 450-க்கு வருகிறேன். என் அனுபவத்தில், தேவைக்கு மீறி வாங்கப்படும் டர்ட் பைக் இதுதான். ஐம்பது குதிரைத்திறனுக்கு மேல் தரும் எஞ்சின், 110 கிலோவை ஒட்டிய வண்டியில் உட்கார்ந்திருக்கிறது. சாலை பைக்கில் இதைவிட அதிகத் திறனைக் கையாண்டவர்களுக்குக் கூட இது புதிது; தார்ச்சாலையில் டயர் பிடித்துக்கொள்ளும், இங்கே தரையே நகரும். ஒரு ஈரமான ஏற்றத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் கியரில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தேன். குறுக்கே கிடந்த வேரில் முன் சக்கரம் தட்டியதும் உடல் பின்னுக்குச் சாய்ந்தது. உடல் பின்னுக்குப் போனால் கைகள் நீள வேண்டும். கைகள் நீண்டால் வலது மணிக்கட்டு கீழே இறங்கும். மணிக்கட்டு இறங்கினால் ஆக்சிலரேட்டர் தானாகத் திறக்கும். திறந்த எஞ்சின் வண்டியை முன்னே உந்த, உடல் இன்னும் பின்னுக்குப் போக, ஆக்சிலரேட்டர் இன்னும் திறக்க, ஒரு நொடிக்குள் வண்டி என் மேலேயே செங்குத்தாக நின்றுவிட்டது. மணிக்கட்டு இறங்குவது எந்த வண்டியிலும் நடக்கும். மென்மையான 230 சிசி காட்டுப்பாதை வண்டியில் அதே தவறு நடந்திருந்தால், எஞ்சின் உறுமியிருக்கும், பின் சக்கரம் கொஞ்சம் மண்ணை வாரி இறைத்திருக்கும், நான் கிளட்சைப் பிடிக்க நேரம் கிடைத்திருக்கும். தவறு செய்வதற்கும் அதைத் திருத்திக்கொள்வதற்கும் இடையில் எஞ்சின் எவ்வளவு அவகாசம் தருகிறது என்பதையே நான் இப்போது அளவாகப் பார்க்கிறேன்.

அதற்காக 450 தவறான வண்டி என்று சொல்லமாட்டேன். ஆழமான மணலில், கணுக்காலளவு சேற்றில், நீண்ட திறந்த ஏற்றங்களில் அதன் இழுவைக்கு ஈடில்லை. சிறிய எஞ்சின் முழுத் திறப்பில் அலறியபடி மூழ்கும் இடத்தில் அது மூன்றாம் கியரில் நிதானமாக மிதந்து போகும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்களுக்கும், பாலைவனப் பாதைகளில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கும் அது பொருத்தமானது. கடல் மட்டத்திலிருந்து மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைவதால், ஏறத்தாழ ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் எஞ்சின் தன் திறனில் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது; 3,000 மீட்டர் உயரத்திலேயே எப்போதும் ஓட்டுபவர் ஒரு படி பெரிய எஞ்சினை எடுப்பது ஆசையல்ல, கணக்கு.

125 டூ ஸ்ட்ரோக்கின் கதை நேரெதிரானது. அது 95 கிலோவை ஒட்டிய எடை, இறகு போலத் திரும்பும். ஆனால் அதன் உயிர் முழுவதும் மேல் சுழற்சியில், ஒரு குறுகிய எல்லைக்குள் இருக்கிறது. அந்த எல்லைக்குக் கீழே இறங்கினால் எஞ்சின் மூச்சுத் திணறும்; உடனே கிளட்சைத் தட்டி, ஒரு கியர் இறக்கி, மறுபடி எழுப்ப வேண்டும். வளைவில் வேகத்தை விட்டுவிட்டால் வெளியே வரும்போது எஞ்சின் காப்பாற்றாது. ஆகவே அதை ஓட்டுபவர் வேகத்தைத் தக்கவைக்கவும், சரியான தடத்தைப் பிடிக்கவும், கிளட்சையும் கியரையும் யோசிக்காமல் இயக்கவும் கற்றே தீர வேண்டும். நல்ல ஓட்டுநர்கள் பலர் இந்தப் பள்ளியில் தேறியவர்கள். ஆனால் முதல் நாளில் கிளட்சையே இன்னும் பழகாத ஒருவரிடம் இந்த வண்டியைக் கொடுத்து, "சிறிய எஞ்சின், பயப்படாதே" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றுமே இல்லாமல் இருந்து திடீரென எல்லாமும் வரும் எஞ்சின், சிறியதாக இருந்தாலும் தொடக்கக்காரருக்குக் கடினமானதுதான். அவருக்கு வேண்டியது ஆக்சிலரேட்டரைத் திருகிய அளவுக்குச் சீராக வளரும் சக்தி.

சீரான சக்தி என்றதும் பலரும் வியக்கும் ஓர் உண்மை உண்டு. பெரிய எஞ்சின் சில நேரங்களில் சிறியதைவிட மென்மையானது. கேடிஎம்மின் 250, 300 டூ ஸ்ட்ரோக் எண்டூரோ (கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓட்டும் பந்தயம்) எஞ்சின்களில் பிஸ்டன் பயணிக்கும் தூரம் இரண்டிலும் 72 மில்லிமீட்டர்தான். விட்டம் மட்டும் 66.4-லிருந்து 72 ஆகிறது. அந்தக் கூடுதல் கொள்ளளவு, உச்ச வேகத்தைவிடக் கீழ்ச்சுழற்சி இழுவைக்கே அதிகம் உதவுகிறது. பாறைகளுக்கு நடுவே எஞ்சின் முணுமுணுப்பது போலச் சுழலும்போதும் 300 விடாமல் இழுக்கும். 250-ஐ அங்கே கிளட்ச் வைத்து எழுப்ப வேண்டியிருக்கும், எழுப்பினால் சக்கரம் வழுக்கும். ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் இரும்புச் சுரங்க மலையில் 1995-இல் தொடங்கிய கடும் எண்டூரோ போட்டியில் முன்னணியினர் பெரும்பாலும் 300 டூ ஸ்ட்ரோக்கிலேயே வந்ததும், கிரஹாம் ஜார்விஸ் போன்றவர்கள் அதிலேயே பலமுறை வென்றதும் இதனால்தான். அதே தர்க்கத்தை அளவின்றி நீட்டவும் முடியாது. ஹோண்டாவின் சிஆர்500 போன்ற 491 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் சக்தியை மண்ணில் இறக்கக்கூடியவர்கள் வெகு சிலரே இருந்தார்கள். 2001-ஆம் ஆண்டு மாடலோடு அதன் உற்பத்தி நின்றது.

250-க்கும் 450-க்கும் நடுவில் 350 ஃபோர் ஸ்ட்ரோக் இருக்கிறது. இத்தாலிய மோட்டோகிராஸ் ஓட்டுநர் அன்டோனியோ கைரோலி 2010-இல் 450 சிசி வண்டிகளோடு மோதி, 350 வண்டியில் உலகப் பட்டம் வென்றார். உலகின் மிக வலிமையான ஓட்டுநர்களில் ஒருவருக்கே 100 சிசி குறைவான எஞ்சின் போதுமானதாக இருந்தது என்பதை, வார இறுதியில் மட்டும் ஓட்டும் நம்மைப் போன்றவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

குழந்தைகளுக்கான வண்டிகளில் எஞ்சின் அளவைவிடச் சட்டகத்தின் அளவே முதலில் பார்க்க வேண்டியது. 50, 65, 85 என்று எஞ்சின் வளர வளரச் சக்கரமும் இருக்கை உயரமும் சேர்ந்து வளர்கின்றன. வளரும் பிள்ளைக்குச் சட்டையை ஓர் அளவு பெரிதாக எடுப்பது போல டர்ட் பைக்கை எடுக்கக் கூடாது. கால் எட்டாத வண்டியில் குழந்தை நிறுத்தப் பயப்படும், நிறுத்தப் பயந்தால் ஓட்டவும் பயப்படும். கவாசாகி தன் கேஎல்எக்ஸ்140 வகையில் ஒரே 144 சிசி எஞ்சினை மூன்று சக்கர அளவுகளில் தருகிறது: முன்னும் பின்னும் 17-14, 19-16, 21-18 அங்குலம். உடல் வளர்ந்தால் எஞ்சினும் வளர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்பதற்கு அது நல்ல சான்று. உயரம் குறைந்த பெரியவர்களுக்கும் இதே சங்கடம்தான். முழு அளவு மோட்டோகிராஸ் வண்டிகளின் இருக்கை தரையிலிருந்து 950 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சரிவில் கால் ஊன்ற முடியாமல் சாய்ந்து விழுந்த வண்டியை ஒரே நாளில் எட்டுப் பத்து முறை தூக்கி நிறுத்தியவருக்கு, பத்துக் கிலோ எடை வித்தியாசம் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எடை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தராசில் 250 ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் 450-க்கும் இடையில் ஐந்தாறு கிலோதான் வேறுபாடு. ஓட்டும்போது அது இருபது கிலோ போலத் தெரிகிறது. பெரிய எஞ்சினுக்குள் சுழலும் கிராங்கும் பிஸ்டனும் கனமானவை; சுழலும் கனம் தன் திசையை மாற்ற விடாமல் எதிர்க்கும். ஆக்சிலரேட்டரை மூடினால் எஞ்சின் பிரேக் பின் சக்கரத்தைப் பலமாகப் பிடிக்கும். இவை இரண்டும் சேர்ந்து, அடுத்தடுத்து வரும் குறுகிய வளைவுகளில் 450-ஐ ஒவ்வொரு முறையும் தோளால் தள்ளித் திருப்ப வைக்கின்றன. களைப்பு தொடங்குமிடம் அதுதான்.

பராமரிப்பை வைத்து முடிவெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தய வண்டிகளில் பராமரிப்பைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை, எஞ்சின் ஓடிய மணி நேரத்தில் கணக்கிடுகிறார்கள். பந்தய 250 ஃபோர் ஸ்ட்ரோக்கின் சக்தி மேல் சுழற்சியில் இருப்பதால் ஓட்டுபவர் அதை எப்போதும் அங்கேயே வைத்திருக்க வேண்டும். பிஸ்டனும் வால்வுகளும் அதற்கான விலையைக் கொடுக்கின்றன. மிதமாக ஓட்டப்படும் 450 அதைவிட நீண்ட நாள் உழைப்பதைப் பார்த்திருக்கிறேன். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை அடிக்கடி மாற்ற நேர்ந்தாலும், வால்வுகள் இல்லாததால் அந்த வேலையை ஒரு மாலையில் நாமே முடித்துவிடலாம். காற்றால் குளிரும் காட்டுப்பாதை வண்டி எல்லாவற்றையும்விட உழைக்கும்; எண்ணெயையும் காற்று வடிகட்டியையும் கவனித்தால் ஆண்டுக்கணக்கில் எஞ்சினைத் திறக்க வேண்டியிருக்காது.

இப்போதிருக்கும் எஞ்சின் பற்றாது என்றோ அதிகம் என்றோ முடிவு செய்யும் முன் செய்துபார்க்க வேண்டிய வேலைகள் சில உண்டு. முன் ஸ்ப்ராக்கெட்டில் (சங்கிலி ஓடும் பற்சக்கரம்) ஒரு பல்லைக் குறைப்பது, பின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறத்தாழ நான்கு பற்களைக் கூட்டுவதற்குச் சமம். முன்னே 13 பல்லுக்குப் பின்னே 50 என்றால் விகிதம் 3.85, 12-க்கு 50 என்றால் 4.17, 13-க்கு 54 என்றால் 4.15. விகிதம் கூடினால் உச்ச வேகம் குறைந்து இழுவை கூடும்; இந்தச் சிறிய மாற்றத்தாலேயே, ஏற்றத்தில் திணறிய 125 வேறு வண்டியாக மாறிவிடும். திடீரென்று பாயும் எஞ்சினுக்கு, கிராங்கோடு சேர்ந்து சுழலும் சக்கரமான ஃப்ளைவீலைக் கனமானதாகப் போட்டால் சக்தி நிதானமாக வரும், மெதுவாகப் போகும்போது அடிக்கடி அணையவும் அணையாது. புதிய 450 வண்டிகள் பலவற்றில் சக்தியை மட்டுப்படுத்தும் பொத்தான் இருக்கிறது. எஞ்சினைக் குறை சொல்லும் பலரின் உண்மையான சிக்கல் ஸ்பிரிங்கில் இருப்பதையும் கண்டிருக்கிறேன். முழு அளவு மோட்டோகிராஸ் வண்டியில், ஓட்டுபவர் முழு உடுப்போடு ஏறினால் பின்பகுதி சுமார் 100 முதல் 105 மில்லிமீட்டர் அமர வேண்டும். ஸ்பிரிங் எடைக்குப் பொருந்தாமல் அதற்கு மேல் அமர்ந்தால் முன் சக்கரம் லேசாகி, சாதாரண எஞ்சின் கூட முரட்டுத்தனமாகத் தோன்றும்.

அக்கா மகனிடம் கடைசியாக ஒரு சோதனையைச் சொன்னேன். நண்பர்களிடமிருந்து மூன்று வண்டிகளை இரவல் வாங்கினோம்: ஒரு 125 டூ ஸ்ட்ரோக், ஒரு பந்தய 250 ஃபோர் ஸ்ட்ரோக், ஒரு 230 காட்டுப்பாதை வண்டி. மூன்று வெவ்வேறு நாட்களில், ஒவ்வொன்றையும் நாற்பது நிமிடம் நிற்காமல் ஓட்டி, அதன் பிறகே தடத்தின் மிகக் குறுகலான, மெதுவான பகுதியில் மூன்று சுற்று போக வேண்டும். அந்த மூன்றை மட்டுமே நான் கடிகாரத்தில் குறிப்பேன். பந்தய 250-இல் அவன் முதல் சுற்றைப் பறந்தபடி முடித்தான், குறித்த சுற்றுகளில் இரண்டு முறை எஞ்சினை அணைத்தான், ஒரு முறை விழுந்தான். 125-இல் விழவில்லை; ஆனால் கிளட்ச் பிடிக்கும் விரல்கள் சோர்ந்து, மூன்றாம் சுற்றில் கியர் மாற்றுவதையே விட்டுவிட்டான். 230-இல் மூன்று சுற்றுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிந்தன, கடைசிச் சுற்று சற்று வேகமாகவே. இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "இன்னும் ஒரு சுற்று போய் வரட்டுமா?" என்று கேட்டான். மற்ற இரண்டு நாட்களில் அவன் அப்படிக் கேட்கவில்லை.

230 வாங்கிவிட்டோம். அந்த 125-இன் நினைவு அவனை விடவில்லை என்று தெரியும். கிளட்ச் கை தேறியதும் அதற்கே போவான் என்பது என் எதிர்பார்ப்பு, அதில் எனக்கு மகிழ்ச்சியும் கூட. இப்போதைக்குக் குறுகிய ஏற்றம் ஒன்றில் முதல் கியர் அதிகமாகவும் இரண்டாம் கியர் பற்றாமலும் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பற்களைக் கூட்டிப் பார்க்கப் போகிறோம்.